‘மொத்தம் என்றால் கூட்டு’: எட்டாம் வகுப்பு வாக்கியக் கணக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பில் 31 பேர். பெற்றோரில் பெரும்பாலோர் கொஞ்சமாகத் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயிகள், இல்லாவிட்டால் எஸ்டேட்டுக்கு இலை பறிக்கப் போகிறவர்கள். ஒரு பகுதிப் பிள்ளைகள் வீட்டில் படுக மொழி பேசுகிறார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலும் தமிழ்தான். பாடமொழி தமிழ். மாலையில் சிறப்பு வகுப்பு வைக்க வழியில்லை; நாலே காலுக்கு வரும் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். ஆகவே கீழே சொல்லப்படும் மாற்றங்கள் எல்லாம் 45 நிமிட பீரியடுக்குள் செய்யப்பட்டவை.

ஒரு மாறியில் அமைந்த நேரிய சமன்பாடுகள் பாடம் முடிந்து டெஸ்ட் வைத்தபோது விவகாரம் வெளியே வந்தது. சமன்பாட்டை நேராகக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தீர்த்துவிடுகிறார்கள். அதே சமன்பாடு ஒரு வாக்கியக் கணக்குக்குள் ஒளிந்திருந்தால் பாதித் தாள்கள் காலி. மீதிப் பாதியில் பெரும்பாலும் எண்களைக் கூட்டியோ பெருக்கியோ ஒற்றை வரி விடை. ஆசிரியர் அறையில் இதற்கு உடனே கிடைத்த விளக்கம், ‘தமிழே ஒழுங்கா வாசிக்க வரலை, அப்புறம் எங்க கணக்கு’ என்பது. கணித ஆசிரியைக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள் மட்டுமல்ல, தமிழில் நல்ல மதிப்பெண் எடுப்பவர்களும் இங்கே தடுமாறியிருந்தார்கள்.

(பாடநூலில் எக்ஸ் வரும் இடத்தில் இக்குறிப்பில் ‘ய’ என்றும், இரண்டாவது மாறிக்கு ‘வ’ என்றும் எழுதியிருக்கிறோம்.)

கவனித்தவை

டெஸ்ட் தாளை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல், பத்துப் பிள்ளைகளைத் தனித்தனியே உட்கார வைத்து ஒரே கணக்கைச் செய்யச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் நியூமன் 1977இல் முன்வைத்த பிழை ஆய்வு முறை பயன்பட்டது. கேள்வியை வாய்விட்டு வாசி, என்ன கேட்கிறார்கள் என்று சொல், எப்படிச் செய்யப் போகிறாய், செய்து காட்டு, விடையை முழு வாக்கியமாக எழுது. இந்த ஐந்து படிகளில் பிள்ளை முதலில் எங்கே நின்றுபோகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நடுவில் உதவி செய்யக் கூடாது. ஆசிரியர்களுக்கு இதுதான் கடினமான பகுதி.

கொடுத்த கணக்கு:

‘ஒரு நாள் அக்கா பறித்த பச்சைத் தேயிலை, தங்கை பறித்ததைப் போல் இரு மடங்கை விட 4 கிலோ குறைவு. இருவரும் சேர்ந்து பறித்தது மொத்தம் 44 கிலோ. ஒவ்வொருவரும் எத்தனை கிலோ பறித்தனர்?’

ய + 2ய − 4 = 44; தங்கை 16 கிலோ, அக்கா 28 கிலோ.

வாசிப்பில் நின்றவர்கள் இரண்டு பேர். மற்ற எட்டுப் பேரும் தடையில்லாமல் வாசித்தார்கள். ‘கதையை உங்க வீட்டுப் பேச்சிலேயே சொல்லுப்பா’ என்றபோது, படுக மொழியிலும் தமிழிலும் யார் அதிகம் பறித்தது, எது தெரியாது என்பதைச் சரியாகவே சொன்னார்கள். மூன்றாவது படியில்தான் எட்டுப் பேரில் ஏழு பேர் நின்றுபோனார்கள். ஆக, ஆசிரியர் அறை விளக்கம் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டுமே பொருந்தியது.

மூன்றாவது படியில் வந்த தவறான விடைகள் மூன்று வகை. 84 (44ஐ இரண்டால் பெருக்கி 4ஐக் கழித்தது), 20 (44இல் 4 போக மீதியைப் பாதியாக்கியது), 24 (2ய − 4 = 44 என்று எழுதித் தீர்த்தது). மூன்றும் ஒரே வேரில் முளைத்தவை அல்ல. 24 என்று எழுதிய பிள்ளைக்குச் சமன்பாடு அமைக்கத் தெரிகிறது, அக்காவின் பங்கை மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்குத் தேவைப்படுவது ஒரே ஒரு கேள்வி. 84 எழுதிய பிள்ளையின் நிலைமை வேறு. இருவரும் சேர்ந்தே 44 கிலோதான் என்கிறபோது ஒருவர் மட்டும் 84 எப்படி என்று அதற்கு உறுத்தவே இல்லை. ‘ஏன் பெருக்கினே?’ என்று கேட்டதற்குச் சுவரைக் காட்டியது.

சுவரில், கரும்பலகைக்குப் பக்கத்தில், ஆறாம் வகுப்புக் காலத்திலிருந்து ஒரு சார்ட் தொங்குகிறது. மொத்தம், சேர்ந்து: கூட்டு. மீதி, குறைவு: கழி. மடங்கு: பெருக்கு. பங்கிடு: வகு. பல பள்ளிகளிலும் இருப்பதுதான், நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டதும்தான். பிள்ளைகள் கணக்கைப் படிக்காமல் சொற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறாம் வகுப்பின் ஒற்றைப் படிக் கணக்குகளில் அது பெரும்பாலும் பலித்துவிடும். பலித்ததால்தான் கெட்டிப்பட்டுப் போனது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில் சார்ட்டை இறக்கினார்கள். பேசாமல் இறக்கவில்லை. ‘15 ரூபாய் செலவு செய்தபின் கமலாவிடம் மீதி 40 ரூபாய். முதலில் இருந்தது எவ்வளவு?’ என்ற கணக்கைப் போட்டு, ‘மீதி’ என்ற சொல் இருந்தும் கூட்ட வேண்டியிருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்த பிறகு, அவர்களை வைத்தே கழற்றினார்கள்.

அந்த இடத்தில் எதை வைப்பது என்பதில் ஆசிரியைக்கும் உதவிக்கு வந்த ஆசிரியர் பயிற்றுநருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. பயிற்றுநர் சொன்னது பட்டை வரைபடம்: கணக்கில் வரும் அளவுகளை நீளப் பட்டைகளாக வரைந்து ஒப்பிடுவது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் நெடுநாளாக இருப்பது, தேயிலைக் கணக்கு போன்றவற்றுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் வயதுக் கணக்கு, வேகக் கணக்கு என்று வரும்போது பட்டை வரைவதே ஒரு தனிப் பாடமாகிவிடும், இருக்கும் பீரியடுகளில் முடியாது என்பது ஆசிரியையின் வாதம். கடைசியில் ஒத்துக்கொண்டது குத்துமதிப்பு முறை.

முறை இதுதான். எக்ஸ் பற்றிப் பேச்சே எடுக்காமல், விடையைக் குத்துமதிப்பாக ஓர் எண்ணாகச் சொல்லச் சொல்வது. அந்த எண் சரியா என்று கணக்கில் பொருத்திப் பார்ப்பது. பொருத்திப் பார்க்கும் அந்த வரியில்தான் சமன்பாடு இருக்கிறது. பிறகு குத்துமதிப்பு எண்ணை அழித்துவிட்டு அங்கே ய போட வேண்டியதுதான்.

கரும்பலகையில் போட்ட முதல் கணக்கு: கேரட் மூட்டை ஒன்று 60 கிலோ, முட்டைக்கோஸ் மூட்டை ஒன்று 50 கிலோ. வண்டியில் மொத்தம் 25 மூட்டைகள், எடை 1,350 கிலோ. கேரட் மூட்டைகள் எத்தனை? ஒரு பையன் 12 என்றான். அப்படியானால் முட்டைக்கோஸ்? ‘பதிமூணு, மிஸ்.’ எப்படி வந்தது? ‘இருபத்தஞ்சுல பன்னெண்டு போக.’ அதை 13 என்று எழுதவில்லை. பலகையில் போன வரி:

60 × 12 + 50 × (25 − 12) = 1,350?

720 + 650 = 1,370. சரியில்லை. சரியில்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது, நமக்கு வேண்டியது அந்த வரிதான். 12 வந்த இரண்டு இடங்களிலும் அழித்து ய போட்டால் 60ய + 50(25 − ய) = 1,350. ய = 10.

இந்த முறையின் உயிர், வரியைக் கணக்கிட்டு முடிக்காமல் செய்கையோடு விட்டுவைப்பதில் இருக்கிறது. 13 என்று சுருக்கிவிட்டால் 25 − ய எங்கிருந்து வரும்? ‘ஒன்று ய, இன்னொன்று மொத்தத்தில் ய போக மீதி’ என்பது எட்டாம் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் தாண்ட முடியாமல் நிற்கும் இடம். வழக்கமாக 25ய என்றோ, இன்னொரு புது எழுத்தையோ போட்டுவிட்டு நிற்பார்கள்.

கூடவே ஒரு சின்னக் கட்டளை: ‘கேரட் = ய என்க’ என்று எழுதினால் ஏற்பதில்லை. ‘கேரட் மூட்டைகளின் எண்ணிக்கை = ய என்க’ என்று முழுதாக இருக்க வேண்டும். கிலோவா, மூட்டையா, ரூபாயா என்பது அந்த வரியிலேயே தெரிய வேண்டும்.

தொடர்ந்து நடந்தவை

முதல் சில பீரியடுகளில் வகுப்பு சத்தக்காடு. குத்துமதிப்பு சொல்வதில் பயமில்லை என்பதால் வாயே திறக்காத பிள்ளைகள்கூடக் கத்தினார்கள். ஆனால் அது விளையாட்டாகவே நின்றுவிடும் போலிருந்தது. நாலைந்து எண்களைப் போட்டுப் பார்த்து விடையையே பிடித்துவிட்ட பிறகு, சமன்பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. ஆசிரியை வாதாடவில்லை, எண்களை மாற்றினார். தேயிலைக் கணக்கில் 44 கிலோவை 45 ஆக்கினார். விடை 16⅓. எத்தனை எண் போட்டும் பிடிபடவில்லை. ‘வேற வழி இருக்கா மிஸ்?’ என்று அவர்கள் கேட்ட பிறகே அழித்து ய போடும் படிக்குப் போனார்.

அடுத்த சிக்கலை யாரும் எதிர்பார்க்கவில்லை. ‘தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு. 10 ஆண்டுகளுக்குப் பின் இரு மடங்காகும்’ என்ற கணக்குக்கு ஒரு குழு 10ஐயே குத்துமதிப்பாக எடுத்தது. வரி: 3 × 10 + 10 = 2 × (10 + 10). சரியாகவும் வந்துவிட்டது! எந்தப் பத்தை அழிப்பது, எந்தப் பத்தை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழித்து, ய-மயமான ஒரு வரியோடு நின்றார்கள். அன்றிலிருந்து இரண்டு விதிகள்: கணக்கில் ஏற்கெனவே இருக்கும் எண்ணைக் குத்துமதிப்பாக எடுக்கக் கூடாது, எடுத்த எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும். 12 எடுத்தால் 3 × 12 + 10 ஒரு பக்கம், 2 × (12 + 10) மறுபக்கம், 46, 44. வட்டமிட்ட இரண்டு எண்களை மாற்றினால் 3ய + 10 = 2(ய + 10), அடைப்புக்குறி தானாகவே வந்துவிடுகிறது. முந்தைய டெஸ்டில் இதே கணக்கை 3ய + 10 = 2ய + 10 என்று எழுதி மகனுக்கு வயது 0 என்று விடை தந்தவர்களும் உண்டு.

பஸ் கணக்குக்கு நினைத்ததைவிட அதிக நேரம் போனது, போனதில் தப்பில்லை. ‘ஒரு பஸ் மலை ஏறும்போது மணிக்கு 20 கி.மீ. வேகத்திலும், அதே வழியில் இறங்கும்போது மணிக்கு 30 கி.மீ. வேகத்திலும் செல்கிறது. போய்வர ஓட்ட நேரம் 2 மணி 45 நிமிடம். ஒரு வழித் தூரம் எவ்வளவு?’ பெரும்பாலோர் உடனே சராசரி 25 என்று எடுத்தார்கள். தூரம் 34 சொச்சம் வந்தது. ஏறுவதற்கு அதிக நேரம் ஆவதால் சராசரி 25க்குக் கீழேதான் இருக்கும் என்பதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதில்லை. குத்துமதிப்பு 30 கி.மீ. போட்டபோது அது தானே வெளிப்பட்டது: ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி, மொத்தம் இரண்டரை மணியில் 60 கி.மீ. வேகம் 24தான்.

அங்கே இன்னொரு பள்ளம். ஒரு குழு இரண்டரை மணியை 2.5 என்றும், 2 மணி 45 நிமிடத்தை 2.45 என்றும் எழுதியது. 2.5 பெரிது, ஆகவே 30 கி.மீ. அதிகம், குறைக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, 29.4 கி.மீ. என்று முடித்தது. சமன்பாடு சரி, தீர்த்ததும் சரி, விடை தவறு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ. என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அதனாலேயே ஊர்ப் பெயரை ஆசிரியை கணக்கில் போடாமல் வைத்திருந்தார். 29.4 வந்த பிறகு, ‘இது நம்ம மேட்டுப்பாளையம் ரோடுதான்’ என்றார். குழு தன் தாளைத் திரும்பப் பார்த்தது. எல்லாவற்றையும் நிமிடமாக்கினால் என்ன என்று கேட்டவள் பின்பெஞ்சு மாணவி ஒருத்தி. மணிக்கு 20 கி.மீ. என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம், 30 கி.மீ. என்றால் 2 நிமிடம். 3ய + 2ய = 165. ய = 33. பின்னமே இல்லாத சமன்பாடு. ஆசிரியை தயாரித்து வைத்திருந்த தீர்வைவிட இது சுருக்கமானது. இப்போது வகுப்பில் இதுதான் முதலில் சொல்லித்தரப்படுகிறது.

இடையில் வடகிழக்குப் பருவமழை. ரோட்டில் மண் சரிந்து விடுமுறை, திறந்ததும் மறுபடி விடுமுறை. திரும்பி வந்தபோது வட்டம் போடுவதைப் பாதிப் பேர் மறந்திருந்தார்கள். செய்கையோடு விட்டுவைப்பதை மறந்தவர்கள் அதைவிட அதிகம்.

திருப்பிப் போடும் பிழை

இது தனித் தலைப்புக்குத் தகுந்தது. ‘ஒரு பஸ்ஸில் ஆண்களைப் போல் மூன்று மடங்கு பெண்கள் இருக்கிறார்கள். இதைச் சமன்பாடாக எழுதுக’ என்று கொடுத்து, ஆ, பெ என்ற எழுத்துகளைப் பயன்படுத்தச் சொன்னபோது வகுப்பில் பெரும்பகுதி எழுதியது 3பெ = ஆ. ‘பெண்கள்தானே மிஸ் மூணு, அதான் 3பெ’ என்பது அவர்கள் தந்த காரணம். வாக்கியத்திலும் மூன்றுக்குப் பக்கத்தில் நிற்பது பெண்கள்தான்.

மலைப் பள்ளிப் பிள்ளைகளின் குறை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் ஜான் கிளெமென்ட் குழுவினர், பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் என்ற வாக்கியத்தை அமெரிக்கப் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் கொடுத்தபோது 37 விழுக்காட்டினர் தவறாக எழுதினார்கள். அங்கேயும் பலர் எழுதியது தலைகீழ்ச் சமன்பாட்டைத்தான். எழுத்தை எண்ணிக்கையாகப் பார்க்காமல் ஆளாகவோ பொருளாகவோ பார்ப்பது இதற்கு ஒரு காரணம்.

பொருளின் முதலெழுத்தை மாறியாக வைப்பது இந்தப் பார்வைக்குத் தீனி போடுகிறது. ஆகவே முதலெழுத்துக்குத் தடை. ய என்பது ஆண்களின் எண்ணிக்கை, வ என்பது பெண்களின் எண்ணிக்கை. அதோடு, எழுதிய சமன்பாட்டில் ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கம்: ஆண்கள் 5 என்றால் பெண்கள் 15. 3வ = ய என்பதில் போட்டால் 45 = 5. தவறு கண்முன் நிற்கிறது. இருந்தும் இந்தப் பிழை முழுதாகப் போகவில்லை. போட்டுப் பார்க்கிறவர்கள் திருத்திக்கொள்கிறார்கள், அவசரப்படுகிறவர்கள் மறுபடி 3வ எழுதுகிறார்கள்.

‘மூன்று மடங்கு அதிகம்’ என்ற தொடரைக் கேள்வித்தாளில் போடுவதையும் நிறுத்தினார்கள். மூன்று மடங்கா, நான்கு மடங்கா என்று ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பிள்ளைகளைச் சோதிக்க அது ஏற்ற இடமில்லை.

விளைவு

மழை விடுமுறைக்குப் பிறகு, முன்னறிவிப்பு இல்லாமல், முதல் டெஸ்ட் போன்ற நான்கு கணக்குகள் தரப்பட்டன. காலித் தாள் இல்லை. தேயிலை வகைக் கணக்கில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சரியான சமன்பாட்டை எழுதினார்கள். முன்பு அரைக்கால்வாசிகூட இல்லை. வயதுக் கணக்கிலும் நல்ல முன்னேற்றம். வேகக் கணக்கில் அவ்வளவு இல்லை. வாசிப்பிலேயே நின்ற இரண்டு பிள்ளைகளுக்கு இந்த முறையால் பெரிய பலன் இல்லை. அவர்களுக்குக் கணக்கை ஒருவர் வாசித்துச் சொன்னால் போதும் என்று தெரிந்தது. அது தமிழ் ஆசிரியரோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

ஒரு பக்கவிளைவையும் சொல்ல வேண்டும். நன்றாகச் செய்யும் நாலைந்து பேர், கணக்கைப் பார்த்ததும் சமன்பாடு எழுதக் கூடியவர்கள், குத்துமதிப்பு வரியைக் கட்டாயமாக்கியதால் எரிச்சலடைந்தார்கள். அவர்களுக்கு விலக்கு தரப்பட்டது. அதைத் தொடக்கத்திலேயே தந்திருக்கலாம்.

தேர்வில் இந்த வரிக்கு மதிப்பெண் கிடையாது என்ற கவலைக்கு வழி எளிது. தாளின் ஓரத்தில் ரஃப் பகுதியில் குத்துமதிப்பு. விடைப் பகுதி ‘எண்ணிக்கை = ய என்க’ என்பதிலிருந்து தொடங்கும்.

அடுத்த ஆண்டுக்கு மாற்ற நினைப்பவை

திருப்பிப் போடும் பிழையைக் கடைசியில் வைக்காமல் முதல் வாரத்திலேயே எடுப்பது. ஆறாம் வகுப்பு ஆசிரியரோடு பேசி, சார்ட் அங்கேயே ஏறாமல் பார்த்துக்கொள்வது. மழை மாதங்களுக்கு முன்பே பாடத்தை முடிக்க முடியாது என்பதால், விடுமுறை முடிந்து வரும் முதல் பீரியடை வட்டம் போடும் பயிற்சிக்கென்றே ஒதுக்குவது.

சதவீதக் கணக்குகளில் இந்த முறை இன்னும் சோதிக்கப்படவில்லை, அதற்கு ஒரு காரணம் உண்டு. ‘15 சதவீதத் தள்ளுபடி போக ஒரு ஸ்வெட்டரின் விலை 680 ரூபாய். குறித்த விலை என்ன?’ என்ற கணக்கைப் பயிற்றுநர் மாதிரிக்குப் போட்டுப் பார்த்தபோது, கூட இருந்த ஆசிரியர்கள் எல்லோரும் இயல்பாக 100ஐக் குத்துமதிப்பாக எடுத்தார்கள். வரி: 100 − 15 = 680? வட்டமிட்ட 100ஐ அழித்தால் ய − 15 = 680. அந்த 15 உண்மையில் 100இன் 15 சதவீதம், ஆனால் எழுதிய வரியில் அது தெரிவதில்லை. 600 எடுத்தால் 600 − 600 × 15/100 என்று எழுதியே ஆக வேண்டும், அதிலிருந்து ய − 15ய/100 = 680 வருகிறது; ய = 800. சதவீதப் பாடத்துக்கான பயிற்சித்தாளில் 100ஐக் குத்துமதிப்பாக எடுக்கக் கூடாது என்ற மூன்றாவது விதி சேர்க்கப்பட்டிருக்கிறது. அடுத்த எட்டாம் வகுப்பில் அது முதல்முறையாகப் பயன்படுத்தப்படும்.